சுண்டிக்குளி முத்தையாவின் 46 விசைகள்

அம்மம்மாவின் ரங்குப்பெட்டிக்குள் ஒரு பொலித்தீன் பை இருந்தது. அதற்குள் பதினொரு பெட்டிசப் பிரதிகள். எல்லாம் 1996 க்குப் பின்னர் அடிக்கப்பட்டவை. சித்தப்பாவைத் தேடி அம்மம்மா ஏறி இறங்கிய இடங்களுக்கெல்லாம் ஒரு கடிதம் போனது. மூலப்பிரதி அங்கே போக, காபன் பேப்பரில் விழுந்த பிரதி வீட்டுக்கு வந்தது. மெல்லிய தாள், ஊதா கலந்த நீல எழுத்து. பதினொன்றில் ஒன்றுக்குக்கூட பயனுள்ள பதில் வரவில்லை.

சிறுவயதில் அவற்றைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் கண்ணில் பட்டது செய்தி மட்டும்தான். ஊடகக் கல்வி படித்து, எழுத்துருக்களைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொண்ட பிறகு திரும்ப எடுத்துப் பார்த்தபோதுதான் எழுத்துகளையே கவனித்தேன். ட் என்ற எழுத்தில் புள்ளி காற்றில் தனியே நிற்கிறது. ண் நெருக்கப்பட்டு, மூன்று சுழிகளும் ஒன்றையொன்று இடிக்கின்றன. அரவுக்கு இரண்டு பக்கமும் தேவையில்லாத இடைவெளி. விசிறி சில எழுத்துகளில் ஒட்டியும் சிலவற்றில் விலகியும் இருக்கிறது. பதினொரு கடிதத்திலும் ழு என்ற எழுத்து வரியை விட்டுச் சற்றுக் கீழே இறங்கியிருக்கிறது. அப்படியென்றால் பதினொன்றும் ஒரே பொறியில், அநேகமாகக் கச்சேரிப் பக்கம் மேசை போட்டிருந்த ஒரே பெட்டிசக்காரரின் பொறியில் அடிக்கப்பட்டவை.

அந்தப் புள்ளி ஏன் அப்படி நிற்கிறது என்று தேடிப் போனபோதுதான் இரா. முத்தையாவிடம் வந்து சேர்ந்தேன். தமிழ்த் தட்டச்சின் தந்தை என்று பாடப்புத்தகங்களிலும் பொது அறிவு வினாக்களிலும் வரும் அதே முத்தையா. பெயர் பலருக்குத் தெரியும். அவர் நம்மூர்க்காரர் என்பது பலருக்குத் தெரியாது. அவர் பிறந்தது சுண்டிக்குளியில். பழைய கச்சேரியும் பழைய பூங்காவும் இருக்கிற அதே சுண்டிக்குளி.

1886 பெப்ரவரி 24 ஆம் திகதி அவர் பிறந்தார். தந்தை பெயர் இராமலிங்கம். ஆறுமுக நாவலர் மறைந்து ஆறு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. நாவலருக்குப் பின்னர் சைவப் பிரசங்கத்தில் பெயரெடுத்தவர்களில் ஒருவராக இராமலிங்கத்தைச் சொல்வார்கள். முத்தையா சிறுவயதிலேயே தந்தையையும் தாயையும் இழந்து, உறவினர் ஆதரவில் வளர்ந்தார்.

அவர் பிறந்த காலத்து யாழ்ப்பாணம் அச்சுக்குப் புதியதல்ல. அமெரிக்க மிஷனரிகள் மானிப்பாயில் அச்சகம் நடத்தினார்கள். 1841 இலிருந்து உதயதாரகை பத்திரிகை வந்தது. 1849 இல் வண்ணார்பண்ணையில் நாவலர் தன் அச்சுக்கூடத்தைத் தொடங்கினார். கிறிஸ்தவர்களும் சைவர்களும் துண்டுப்பிரசுரங்களால் மோதிக்கொண்ட ஊர் இது. ஈய எழுத்துகளைப் பொறுக்கிக் கோக்கிற அச்சுக்கோப்பாளர்கள் ஒவ்வொரு அச்சகத்திலும் இருந்தார்கள். ஆனால் அச்சகம் என்பது பத்திரிகைக்கும் புத்தகத்துக்கும். ஒரு தனி ஆள், ஒரு தனிக் கடிதத்தை, அச்சுப் போலத் தெளிவாக எழுத வேண்டுமென்றால் அதற்கு ரைப்ரைட்டர் வேண்டும். அது ஆங்கிலத்துக்கு மட்டும் இருந்தது. அமெரிக்காவில் றெமிங்ரன் நிறுவனம் 1874 இல் விற்கத் தொடங்கிய பொறி, இருபதாம் நூற்றாண்டு பிறக்கும்போது காலனித்துவ அலுவலகங்களுக்குள் நுழைந்துவிட்டது.

1905 இல் கொழும்பிலிருந்து புகையிரதப் பாதை யாழ்ப்பாணம் கடந்து காங்கேசன்துறை வரை வந்து முடிந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1907 இல், இருபத்தொரு வயது முத்தையா மலாயாவுக்குப் போனார். அந்தக் காலத்தில் இது புதுமையான பயணமல்ல. ஆங்கிலம் படித்த யாழ்ப்பாண இளைஞர்கள் மலாயா புகையிரதப் பகுதிக்கும் அரசாங்கக் கந்தோர்களுக்கும் கப்பலேறிக்கொண்டிருந்த நேரம். மலாயாக் காசில் கட்டப்பட்ட கல்வீடுகள் இன்னும் நம் ஊர்களில் இருக்கின்றன, சில ஷெல் காயங்களோடு. மலாயா பென்சன்காரர் என்ற சொல் எங்கள் தாத்தாக்களின் பேச்சில் சாதாரணமாக வரும்.

முத்தையாவும் முதலில் புகையிரதப் பகுதியில்தான் வேலை பார்த்தார். பிறகு ஐல்ஸ்பரி அண்ட் கார்லண்ட் என்ற வணிக நிறுவனத்தில் சேர்ந்து, 1930 வரை அங்கே பணியாற்றி மேல்நிலைக்கு உயர்ந்தார். பகலெல்லாம் ஆங்கிலக் கடிதங்களும் பொருட்பட்டியல்களும் பொறியில் அடிபடுகிற இடம் அது. அந்தச் சத்தத்துக்குள் இருந்த ஒரு தமிழருக்கு நம் மொழிக்கும் இது வேண்டுமே என்று தோன்றியதில் வியப்பில்லை. அந்த எண்ணம் பலருக்கு வந்திருக்கும். முத்தையா உட்கார்ந்து கணக்குப் போட்டார்.

அந்தக் கணக்கை நானும் ஒரு கொப்பித் தாளில் போட்டுப் பார்த்தேன். அதைச் செய்யாமல் அவர் செய்த வேலையின் பாரம் புரியாது.

தமிழில் 247 எழுத்துகள். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. பொறியில் சுமார் 46 விசைகள். ஒவ்வொரு விசையின் தண்டிலும் கீழொன்று மேலொன்றாக இரண்டு எழுத்துகள் இருக்கும். ஷிப்ட் விசையை அழுத்தினால் மேலெழுத்து விழும். ஆக மொத்தம் 92 இடங்கள். அதற்குள் நிறுத்தக்குறிகளும் எண்களும் கிரந்த எழுத்துகளும் வரவேண்டும். ஆங்கிலக்காரனுக்கு 26 எழுத்தும் இரட்டித்தால் 52. அவனுக்கு இடம் மிஞ்சிப் போனது.

இனி இப்படிப் பாருங்கள். க முதல் ன வரை அகரமேறிய 18 எழுத்துகளுக்கு 18 இடம். அரவுக்கு ஒன்று. ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு என்று மூன்று. புள்ளி, விசிறி, சுழி விசிறி என்று இன்னொரு மூன்று. மொத்தம் 25 அடையாளங்கள். கொம்பையும் அரவையும் சேர்த்தால் கொ, கோ வந்துவிடும். கொம்போடு ள சேர்த்தால் கௌ. இந்த 25 ஐ மட்டும் வைத்து 198 எழுத்துகளை எழுதிவிடலாம். பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகியதும் இதே தர்க்கத்தில்தான். ஆனால் மணலில் விரல் முன்னும் பின்னும் போகும். பொறி போகாது.

பொறியின் விதி ஒன்றுதான். ஒரு விசையைத் தட்டினால் தண்டு எழும்பி றிபனில் அடிக்கும், தாளைச் சுற்றியிருக்கிற உருளை ஒரு எழுத்தின் அகலம் இடப்பக்கம் நகரும். அடுத்த எழுத்து அடுத்த இடத்தில் விழும். அரவுக்கும் கொம்புக்கும் இது சரி. அவை எழுத்துக்குப் பக்கத்தில் நிற்பவை. புள்ளியும் விசிறியும் அப்படியல்ல, எழுத்தின் தலைக்கு மேலே நிற்பவை. க அடித்துவிட்டுப் புள்ளியை அடித்தால், புள்ளி க இன் தலையில் விழாது. பக்கத்து வெற்றிடத்தில் விழும். ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் உருளையைப் பின்னே தள்ளித் தள்ளி அடிப்பதென்றால் ஒரு பக்கம் அடிக்க அரைநாள் போய்விடும். மெய்யெழுத்து இல்லாமல் ஒரு தமிழ் வரி எழுத முடியுமா?

முத்தையா கண்ட வழி நகரா விசை. குறிப்பிட்ட சில விசைகளைத் தட்டும்போது மட்டும் உருளை நகராது. புள்ளியை முதலில் தட்டுவது. அது வெற்றுத் தாளில் தனியே விழுந்து காத்திருக்கும். பிறகு க வைத் தட்டுவது. அது புள்ளிக்குக் கீழே வந்து நிற்கும், அதன் பிறகே உருளை நகரும். விசிறிக்கும் இதே முறை. கையால் எழுதும்போது எழுத்தை எழுதிவிட்டுப் புள்ளி வைக்கிறோம். பொறியில் புள்ளியை வைத்துவிட்டு எழுத்தை எழுதவேண்டும். இந்த ஒரு தலைகீழ் மாற்றத்தால் மெய், இகரம், ஈகாரம் என்று 54 எழுத்துகளின் சிக்கல் ஏறக்குறைய முடிந்தது. ஏறக்குறைய என்று சொல்வதற்குக் காரணம் டி, டீ. ட வுக்கு விசிறி தலையில் வருவதில்லை, பக்கத்தில் வளைந்து ஏறும். அந்த இரண்டுக்கும் தனி விசை ஒன்று கொடுக்க வேண்டியிருந்தது.

நகரா விசை என்ற உத்தி ஐரோப்பிய மொழிகளுக்கான பொறிகளிலும் உண்டு. பிரெஞ்சு எழுத்துகளின் தலையில் வரும் குறிகளுக்கு அது வேண்டும். அங்கே அது எப்போதாவது வரும் விருந்தாளி. தமிழில் அது வீட்டுக்காரர், வரிக்குப் பத்துத் தடவை வருவார்.

மிச்சம் உகரமும் ஊகாரமும். தமிழ் எழுத்திலேயே ஒழுங்குக்கு அடங்காத பகுதி இது. கு, சு, டு, மு, ரு, பு என்று ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு வளையும். இதற்குப் பொது அடையாளம் இல்லை. தமிழ் ரைப்ரைட்டரில் வழக்கமாகிப் போன தீர்வு, ஷிப்ட் விசைக்குள் உகரத்தை வைப்பது. க இருக்கும் விசையின் மேலெழுத்து கு. ம வின் மேலெழுத்து மு. த வுக்கு து. பழகிய கைக்கு இது மிகவும் இயல்பு. உகரமா, ஷிப்ட்டை அழுத்து. ஊகாரத்தில் து, நு, னு, ணு, லு, று, ஞு ஆகிய ஏழும் ஒரே மாதிரி வலப்பக்கம் ஒரு கோடு சேர்த்து நீள்பவை. அந்தக் கோட்டுக்கு ஓரிடம் போதும். கூ, சூ, மூ போன்ற அடங்காப்பிடாரிகள் மேல் வரிசையில் எண்கள் இருந்த இடங்களைப் பிடித்துக்கொண்டன. ர் எழுதுவதற்கு ர வைத் தட்டவே வேண்டாம், அரவுக்கு மேல் புள்ளி வைத்தால் போதும். ரி யும் அப்படித்தான். பழைய தட்டச்சுப் பிரதிகளில் ர் என்ற எழுத்துக்குக் கீழே வால் இல்லாமல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

கணக்கு முடிந்தால் போதாது. இரும்பில் செய்ய ஆள் வேண்டும். முத்தையா போனது ஜேர்மனிக்காரரிடம். ட்ரெஸ்டன் நகரத்தில் செய்டல் அண்ட் நௌமன் என்ற நிறுவனம் இருந்தது. தையல் மெஷின், சைக்கிள், ரைப்ரைட்டர் மூன்றும் செய்தவர்கள். ஐடியல் என்ற மேசைப் பொறியும், எரிகா என்ற சிறிய கைப்பொறியும் அவர்களுடையவை. எரிகா ஆங்கிலம் பேசும் நாடுகளில் பிஜோ என்ற பெயரில் விற்கப்பட்டது. 1914 இல் தொடங்கிய முதலாம் உலகப் போர் 1918 இல் முடிந்த பிறகு, முத்தையா தன் தமிழ் விசையமைப்பை அவர்களிடம் கொடுத்துப் பொறிகளைச் செய்வித்து, இறக்குமதி செய்து விற்றார். முதலில் பெரிய மேசைப் பொறி. பிறகு, பெட்டிக்குள் வைத்துக் கையில் தூக்கிச் செல்லும் சிறிய பொறி. பிஜோ, ஐடியல் என்ற பெயர்கள் அப்படித்தான் தமிழுக்குள் வந்தன.

ஒரு வணிக நிறுவனத்து ஊழியர் தன் தாய்மொழியின் 247 எழுத்துகளை ஒரு ஜேர்மன் தொழிற்சாலைக்குப் புரியவைத்திருக்கிறார். எந்த அரசும் அவர் பின்னால் நிற்கவில்லை. தமிழுக்கென்று அப்போது எந்த அரசும் இல்லை என்று சொல்வதும் சரிதான்.

அம்மம்மாவின் கடிதத்தில் புள்ளி ஏன் காற்றில் நின்றது என்பதற்கு விடை இங்கே கிடைத்தது. உருளை எல்லா எழுத்துக்கும் ஒரே அளவுதான் நகரும். ட வுக்கும் அதே இடம், ண வுக்கும் அதே இடம், ஒரு கோடு மட்டுமான அரவுக்கும் அதே இடம். அகலமான எழுத்து ஒடுங்க வேண்டும், ஒல்லியான எழுத்து தனியே நிற்க வேண்டும். புள்ளி எந்த எழுத்து வரப்போகிறது என்று தெரியாமலே முதலில் விழுகிறது. எல்லா எழுத்துக்கும் பொதுவான ஓரிடத்தில் விழுகிறது. ப் என்றால் பொருந்தும். ட் என்றால் நடுவெளியில் நிற்கும். ஈய எழுத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் தனி அச்சு உண்டு, புள்ளியோடு சேர்த்தே வார்த்திருப்பார்கள். அதனால் அச்சுப் புத்தகம் அழகாக இருக்கும். ரைப்ரைட்டர் எழுத்து அழகில்லை என்றுதான் அச்சுக்காரர்கள் சொல்வார்கள். எனக்கு அந்த அழகின்மை பிடித்திருக்கிறது. அதில் எழுத்துகள் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்தது கண்ணுக்குத் தெரிகிறது.

இன்னொன்றும் உண்டு. ஈய எழுத்து தேய்ந்தால் உருக்கி வார்ப்பார்கள். பொறியின் எழுத்து தேய்ந்தால் தேய்ந்தபடியே இருக்கும். ஒரு தண்டு வளைந்தால் அந்த எழுத்து எப்போதும் இறங்கியே விழும். அதனால் ஒவ்வொரு பொறிக்கும் ஒரு கையெழுத்து உண்டு. இதைப் பொலிஸ்காரர்கள் சேகரிப்பாளர்களுக்கு முன்னரே கண்டுபிடித்துவிட்டார்கள். கிழக்கு ஜேர்மனியின் இரகசியப் பொலிஸ் எழுத்து மாதிரிகளை வைத்துத் துண்டுப்பிரசுரம் அடித்தவர்களைத் தேடியது. ருமேனியாவில் 1983 இல் ரைப்ரைட்டர் வைத்திருப்பவர் அதைப் பொலிஸில் பதிய வேண்டும் என்று சட்டமே வந்தது. ஒரு பொறியை ஆயுதம் போலப் பதிகிற நாட்டில் வாழ்வது எப்படியிருக்கும் என்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

முத்தையாவின் பொறி ஊர் திரும்பியபோது அதற்கு ஒரு வேலை காத்திருந்தது. 1956 இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. அரசாங்கக் கடிதம் எந்த மொழியில் வரும் என்பது சோற்றுப் பிரச்சினையானது. 1961 பெப்ரவரி 20 ஆம் திகதி யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. நிர்வாகம் தமிழில் நடக்க வேண்டும் என்று மக்கள் வெயிலில் உட்கார்ந்தார்கள். ஏப்ரலில் தமிழரசுக் கட்சி தனித் தபால் சேவை நடத்தி முத்திரையும் வெளியிட்டது. சில நாட்களில் அவசரகாலச் சட்டம் வந்து தலைவர்கள் கைதானார்கள். எல்லாம் நடந்தது சுண்டிக்குளியில், முத்தையா பிறந்த ஊரில். தமிழில் அலுவலகக் கடிதம் அடிக்கக் கருவி இல்லை என்ற சாட்டு அந்த நேரம் யாருக்கும் மிச்சமிருக்கவில்லை. கருவி எப்போதோ வந்துவிட்டது. இல்லாமற் போனது விருப்பம். 1987 இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்றது. அதற்குள் கச்சேரிக் கட்டடம் போருக்குள் சிக்கிவிட்டது. இன்று அது கூரையில்லாத சுவர்களாக நிற்கிறது. உள்ளே மரங்கள் வளர்ந்திருக்கின்றன.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ரைப்பிங் கிளாஸ் இல்லாத சந்தி யாழ்ப்பாணத்தில் குறைவு. ஏஎல் பரீட்சை எழுதிவிட்டு முடிவு வரும்வரை ரைப்பிங் படிப்பது ஒரு வழக்கம், பெண்பிள்ளைகளுக்கு விசேஷமாக. என் அம்மாவும் படித்தார். இடது கை விரல்கள் நான்குக்கும் ய, ள, ன, க. அதைத் தாளம் போல அடித்துப் பழக வேண்டும். தட்டெழுத்தாளர் வேலை என்பது மதிப்பான அரசாங்க வேலை. இயக்கங்களும் சங்கங்களும் ஸ்டென்சில் தாளில் அடித்து ரோணியோ பண்ணிய பிரசுரங்களும் இதே பொறிகளிலிருந்து வந்தவைதான். றிபனை விலக்கிவிட்டு ஸ்டென்சிலில் அடித்தால் எழுத்து மெழுகை வெட்டும். சுழி உள்ள எழுத்துகளைக் கொஞ்சம் பலமாக அடித்தால் வட்டம் கழன்று விழுந்துவிடும். தமிழில் சுழி இல்லாத எழுத்தைத் தேடத்தான் வேண்டும்.

1990 ஜூனில் சண்டை மீண்டும் தொடங்கியதும் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பற்றரி, பெற்றோல், சீமெந்து எல்லாம் தடைப்பட்டியலில். ஆண்டுக்கணக்காக நாங்கள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டோம். பத்திரிகைகள் கொப்பித் தாளில் அச்சாகின. அந்த ஆண்டுகளில் ஒரு பொறி மட்டும் எந்தக் குறையும் இல்லாமல் வேலை செய்தது. அதற்கு மின்சாரம் தேவையில்லை. விரல் போதும். காய்ந்த றிபனில் ஒரு சொட்டு எண்ணெய் பூசி உயிர்ப்பிப்பார்கள். காபன் பேப்பரை ஓட்டை விழும்வரை பாவிப்பார்கள். இடம்பெயர்வுச் சான்றிதழ், பாஸுக்கான விண்ணப்பம், நட்டஈட்டுக் கடிதம், மரணப் பதிவுக்கான சத்தியக் கடதாசி எல்லாம் அதில்தான் அடிபட்டன. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, மேசைப் பொறியை யாரால் தூக்கியிருக்க முடியும்? பிள்ளையைத் தூக்கினார்கள், அரிசியைத் தூக்கினார்கள். பொறிகள் வீட்டோடு கிடந்தன.

திரும்பி வந்த 1996 இல்தான் ஆட்கள் காணாமல் போகத் தொடங்கினார்கள். நூற்றுக்கணக்கானோர். சித்தப்பா அவர்களில் ஒருவர். அதற்குப் பிறகு அடிபட்ட பெட்டிசங்களில் பதினொன்றுதான் எங்கள் ரங்குப்பெட்டியில் இருப்பவை. மற்ற வீடுகளிலும் இருக்கும். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரைச் செய்திக்காகச் சந்திக்கப் போகும்போது, படத்துக்கு அடுத்ததாக அவர்கள் எடுத்துக் காட்டுவது அந்தக் காபன் பிரதிகளைத்தான். அனுப்பியதற்குச் சாட்சி அது மட்டும்தான். அலுவலகங்களில் கோப்பு தொலையும், ஆணைக்குழுக்கள் கலையும். பிரதி வீட்டில் இருக்கும்.

பொறியைச் செய்த ஊருக்கும் இதே கதிதான். 1945 பெப்ரவரி 13 முதல் 15 வரை நடந்த குண்டுவீச்சில் ட்ரெஸ்டன் எரிந்தது. சுமார் 25,000 பேர் இறந்தார்கள். பிறகு அங்கே எரிகா திரும்பவும் செய்யப்பட்டது, இம்முறை கிழக்கு ஜேர்மனியின் பொறியாக. 1981 மே 31 இரவு தொடங்கி எங்கள் பொதுநூலகம் எரிந்தபோது அழிந்தவை சுமார் 97,000 நூல்கள். ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் அந்த நாட்களில்தான் எரிக்கப்பட்டது.

இப்போது உலகமெங்கும் பழைய ரைப்ரைட்டர் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள். இயங்கும் நிலையில் உள்ள ஒரு எரிகாவுக்கு நல்ல விலை கிடைக்கும். இந்தியாவில் கோத்ரெஜ் நிறுவனம் 2009 அளவில் உற்பத்தியை நிறுத்திய பிறகு அங்கேயும் ஆர்வம் கூடியிருக்கிறது. நம் ஊரில் அவை போவது பழைய இரும்புக்கு. பித்தளைக்கு ஒரு விலை, அலுமினியத்துக்கு ஒரு விலை, ரைப்ரைட்டர் இரும்புக் கணக்கில் நிறுக்கப்படும். எழுத்துத் தண்டுகளைக் கழற்றிக் கொண்டுபோகச் சிறுபிள்ளைகள் விரும்புவார்கள், ஈட்டி செய்ய வசதி.

ஒருபக்கம் பார்த்தால் பொறி போனாலும் முத்தையாவின் வேலை போகவில்லை. யாழ்ப்பாணத்தில் கணினியில் தமிழ் அடிப்பவர்களில் பலர் பாமினியில் பழகியவர்கள். அதன் விசையமைப்பு ரைப்ரைட்டரின் வழி வந்தது. ஆங்கில விசைப்பலகையின் ஏ, எஸ், டி, எவ் இருக்குமிடத்தில் ய, ள, ன, க. ஷிப்ட்டை அழுத்தினால் கு. இடையில் பல கைகளும் அரசுகளும் திருத்தியிருக்கின்றன. இலங்கை 2008 இல் தரநிலையாக ஏற்ற ரெங்கநாதன் விசைப்பலகையும் இதே குடும்பம். ஒரு மாற்றம் மட்டும் பெரியது. கணினியில் எழுத்தை அடித்துவிட்டுப் புள்ளியை அடிக்கிறோம். இயந்திரம் நகர வேண்டிய அவசியம் போனதும் விரல் பழையபடி கை எழுத்தின் ஒழுங்குக்குத் திரும்பிவிட்டது. இந்தக் கட்டுரையையும் நான் அப்படித்தான் அடிக்கிறேன்.

சென்ற வருடம் ஒரு பழைய இரும்புக் கடையில், தண்ணீர்ப் பம்புகளுக்கு நடுவில் ஒரு தமிழ்ப் பொறியைக் கண்டேன். பெயர்த் தகடு இல்லை. ஒரு பக்கம் துருப்பிடித்து, றிபன் சுருள் ஒன்று காணாமற் போயிருந்தது. கடைக்காரர் எடை போட்டுத்தான் விலை சொன்னார். வீட்டுக்குக் கொண்டுவந்து மண்ணெண்ணெய் போட்டு இரண்டு நாள் ஊறவைத்தேன். தண்டுகள் ஒவ்வொன்றாக எழும்பத் தொடங்கின. முதலில் ழு வைத்தான் அடித்துப் பார்த்தேன். நேராகத்தான் விழுந்தது. அம்மம்மாவின் கடிதங்களை அடித்த பொறி இதுவல்ல.

றிபன் இல்லாததால் தாளுக்கு மேல் ஒரு காபன் பேப்பரை வைத்து அடித்தோம். அம்மா வந்து உட்கார்ந்தார். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் தொடாத கை. ய, ள, ன, க என்று ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, தம்பியின் முழுப்பெயரை அடித்தார். சித்தப்பாவின் பெயரில் மூன்று புள்ளிகள் வரும். மூன்றையும் எழுத்துக்கு முன்னரே தட்டினார்.